கனவுப் பனிப்பயணம்: எந்த மலைக்குப் போகலாம்?

குளிர்காலம் நெருங்கினால் இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்களில் பாதி ஒரே விஷயத்தைத்தான் கேட்கின்றன: உலகத்திலேயே சிறந்த பனிச்சறுக்கு ரிசார்ட் எது? நான் பல குளிர்காலங்கள் முதல்முறையாகப் பனியில் கால்வைப்பவர்களுக்கு வகுப்பு எடுத்தவள். அதனால் என் பதில்கள் அந்தப் பக்கமே சாய்ந்திருக்கும். உங்கள் கூட்டத்தில் யாருக்குச் சறுக்க மிகக் குறைவாகத் தெரியும், முதல் நாள் காலையில் அவருக்கு எந்தச் சரிவு கிடைக்கும் என்று பார்த்துவிட்டுத்தான் மலையின் பெயரைச் சொல்வேன். இந்த முறை வந்தவற்றில் சில கடிதங்களைச் சுருக்கித் தருகிறேன்.

கேள்வி: வணக்கம் மேடம். எங்களுக்குத் திருமணமாகிப் பத்தாவது ஆண்டு. இருவரும் ஸ்கீயைக் கையால் தொட்டதுகூட இல்லை. ஒரு வாரம் போக ஆசை. எந்தப் பட்டியலைப் பார்த்தாலும் செர்மாட், கூர்ஷெவல், நிசெகோ என்று மூன்று பெயர்கள் முன்னால் வருகின்றன. இதில் முதலிடம் எதற்கு?

பதில்: பத்தாம் ஆண்டுக்கு வாழ்த்துகள். மூன்றுமே அருமையான இடங்கள். ஆனால் அந்தப் பட்டியல்களைப் போடுகிறவர்கள் பெரும்பாலும் நன்றாகச் சறுக்கத் தெரிந்தவர்கள். அவர்கள் பார்க்கும் மலை வேறு, உங்கள் இருவருக்கும் முதல் நாள் கிடைக்கப்போகும் மலை வேறு.

அந்த முதல் நாள் எப்படியிருக்கும் என்று சொல்கிறேன். காலையில் வாடகைக் கடையில் பூட் போட்டுப் பார்ப்பீர்கள். கணுக்காலை அசையவிடாத, கெட்டியான பிளாஸ்டிக் பூட் அது. நேராக நின்றால் விரல்நுனி முன்பக்கத்தை லேசாகத் தொட வேண்டும், முழங்காலை முன்னால் மடக்கினால் விரல் பின்வாங்க வேண்டும். அதுதான் சரியான அளவு. பெரிதாக இருந்தால் சுகமாக இருக்கிறதே என்று எடுத்துவிடாதீர்கள், உள்ளே கால் வழுக்கிக்கொண்டே இருந்தால் ஸ்கீ நீங்கள் சொல்வதைக் கேட்காது. சாக்ஸ் ஒன்றே ஒன்று, மெல்லியதாக, முழங்கால் வரை. குளிருமே என்று இரண்டு போட்டால் ரத்த ஓட்டம் தடைப்பட்டுக் கால் இன்னும் குளிரும். பேன்ட்டின் ஓரத்தைப் பூட்டுக்குள் திணிக்கவே கூடாது.

அடுத்து கடைக்காரர் உங்கள் எடை, உயரம், வயது, சறுக்கும் திறமை எல்லாவற்றையும் கேட்பார். கூச்சப்படாமல் உண்மையைச் சொல்லுங்கள். பூட்டையும் ஸ்கீயையும் இணைக்கும் பைண்டிங்கை அந்த விவரங்களை வைத்துத்தான் முடுக்குகிறார்கள். எடையைக் குறைத்துச் சொன்னால் தேவையில்லாத நேரத்தில் ஸ்கீ கழன்றுவிடும். திறமையைக் கூட்டிச் சொன்னால் விழும்போது கழலாது, அந்தத் திருகல் முழுவதையும் முழங்கால் வாங்கிக்கொள்ளும்.

அப்புறம் சரிவு. முதல் இரண்டு நாளும் நீங்கள் நிற்கப்போவது ஒரு சின்ன, அகலமான, ஏறக்குறைய சமதளமான இடத்தில். மேலே ஏற்றிவிட நகரும் கம்பளம் இருக்கும், 'மேஜிக் கார்பெட்' என்பார்கள். ஸ்கீயின் முன்நுனிகளைச் சேர்த்து, பின்பக்கத்தை அகட்டி, ஆப்பு வடிவத்தில் வைத்து வேகத்தைக் குறைப்பதுதான் முதல் பாடம். அந்த இடத்தைப் பற்றிக் கேட்க வேண்டியவை மூன்று. ஊருக்குள்ளேயே இருக்கிறதா? வேகமாக வருகிறவர்கள் குறுக்கே பாயாதபடி தனியாக இருக்கிறதா? அங்கிருந்து அடுத்த கட்டத்துக்குப் போக நீளமான, எளிதான பாதை இருக்கிறதா? மூன்றாவது கேள்வியைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். மூன்றாம் நாள் கம்பளத்தைவிட்டு வெளியே வரும்போது அடுத்த பாதை செங்குத்தாக இருந்தால் மனம் விட்டுப்போகும்.

இப்போது உங்கள் மூன்று பெயர்களுக்கு வருகிறேன். பிரான்ஸில் பாதைகளுக்குப் பச்சை, நீலம், சிவப்பு, கறுப்பு என்று நான்கு நிறங்கள், பச்சைதான் மிக எளிது. கூர்ஷெவலில் நீண்ட, அகலமான பச்சைப் பாதைகள் ஊரைத் தொட்டே இறங்குகின்றன. கூர்ஷெவல் என்பது ஒரே ஊர் அல்ல, வெவ்வேறு உயரத்தில் இருக்கும் பல குடியிருப்புகள். ஆடம்பரத்துக்குப் பேர்போனது 1850 என்ற குடியிருப்பு. அதற்குக் கீழே, பழைய பெயரில் 1650 எனப்படும் மோரியோன் பகுதி அமைதியானது, அங்கேயும் சரிவுகள் மிருதுவானவை. உங்களுக்கு நான் சொல்வது மோரியோன்தான்.

சுவிட்சர்லாந்தின் செர்மாட் 1,620 மீட்டரில் இருக்கும், பெட்ரோல் கார்களே இல்லாத ஊர். டாஷ் என்ற ஊரில் காரை விட்டுவிட்டு ரயிலில்தான் போக வேண்டும். 4,478 மீட்டர் மேட்டர்ஹார்ன் ஊருக்கு மேலே தனியாக நிற்கும் காட்சிக்கு நிகர் கிடையாது. ஆனால் தொடக்கச் சரிவு ஊருக்குள் இல்லை. சுரங்க ரயிலில் சுன்னெகாவுக்கு ஏறி, அங்கிருந்து லைசே ஏரிப் பக்கம் போக வேண்டும். சுவிட்சர்லாந்தில் பொதுவாகப் பச்சை நிறமே கிடையாது, நீலத்தில்தான் தொடங்குகிறார்கள், செர்மாட்டின் நீலங்கள் சில இடங்களில் புதியவரைப் பயமுறுத்தும். அந்த மலைமுகடுதான் உங்கள் கனவு என்றால் தயங்காமல் போங்கள். ஆனால் மூன்று நாள் வகுப்பு, மிச்ச நாள் கார்னர்கிராட் ரயில், நடை என்று பிரித்துக்கொள்ளுங்கள். 1898 முதல் ஓடும் அந்தப் பல்சக்கர ரயில் 3,089 மீட்டருக்கு உங்களை ஏற்றிவிடும், ஸ்கீயே தேவையில்லை.

ஜப்பானில் இருக்கும் நிசெகோவின் புகழ் ஆழமான பவுடர் பனிக்கு, அதாவது மாவு மாதிரி லேசான புதுப்பனிக்கு. அதை அனுபவிக்கும் திறமை முதல் வாரத்தில் வராது. அங்கேயும் சீராக்கிய எளிய பாதைகளும் ஆங்கிலத்தில் நடக்கும் வகுப்புகளும் உண்டு, கற்றுக்கொள்ளலாம். ஆனால் ஜனவரியில் நாள் முழுக்கப் பனி கொட்டும் குளிரில் முதல் பாடம் என்பது கொஞ்சம் கடினமான தொடக்கம். இன்னும் சில குளிர்காலம் கழித்து அங்கே போங்கள்.

கடைசியாக ஒன்று. சரிவின் மேலே ஏற்றிவிடும் லிஃப்டுகளுக்கு, முழு மலைக்கும் செல்லும் பாஸை முதல் நாளே வாங்காதீர்கள். தொடக்கக்காரருக்கென்று தனி பாஸ் பல இடங்களில் உண்டு, பிரெஞ்சு ரிசார்ட்கள் பலவற்றில் சில லிஃப்டுகள் இலவசமாகவே ஓடுகின்றன. கம்பளத்தைவிட்டு வெளியே வந்த பிறகு பெரிய பாஸுக்கு மாறலாம்.

கேள்வி: ஒரு ரிசார்ட் 600 கிலோமீட்டர் பாதை என்கிறது, இன்னொன்று 200. பெரியதைத் தேர்ந்தெடுப்பதுதானே புத்திசாலித்தனம்?

பதில்: நீங்கள் நாள் முழுக்கச் சறுக்கி, தினமும் வேறு பள்ளத்தாக்கு பார்க்க ஆசைப்படுகிறவர் என்றால் ஆமாம். 600 என்பது கூர்ஷெவல், மெரிபெல், வால் தோரான்ஸ் எல்லாம் லிஃப்டால் இணைந்த பிரான்ஸின் 'மூன்று பள்ளத்தாக்குகள்' பகுதி. ஸ்கீயைக் கழற்றாமல் போய்வரக்கூடிய பரப்பில் உலகிலேயே பெரியது அதுதான். ஆனால் முதல் வாரக்காரருக்கு ஒரே ஐந்து கிலோமீட்டரில் திரும்பத் திரும்ப இறங்குவதுதான் வேலை.

இன்னொன்று, இந்தக் கிலோமீட்டர் கணக்கை எல்லோரும் ஒரே மாதிரி அளப்பதில்லை. சிலர் பாதையின் நடுக்கோட்டை அளக்கிறார்கள், சிலர் சறுக்குபவர் போடும் வளைவுகளையும் சேர்த்துக்கொள்கிறார்கள். அதனால் மொத்த எண்ணை விட்டுவிட்டு, உங்கள் திறமைக்கு ஏற்ற நிறத்துப் பாதைகள் வரைபடத்தில் எங்கே இருக்கின்றன, ஒன்றோடொன்று இணைகின்றனவா என்று பாருங்கள்.

சிவப்புப் பாதையில் நிம்மதியாக இறங்கக்கூடிய, நடுத்தரத் திறமை உள்ளவர் நீங்கள் என்றால், இத்தாலியின் டோலமைட் மலைகளில் செல்லாரோண்டா என்ற சுற்றைச் சொல்வேன். செல்லா என்ற பாறைக் கோட்டையைச் சுற்றி நான்கு கணவாய்கள் வழியாகப் போய், புறப்பட்ட இடத்துக்கே ஒரே நாளில் திரும்பிவிடலாம். லிஃப்டுகளையும் சேர்த்துச் சுமார் 40 கிலோமீட்டர். வலஞ்சுழியாகப் போக ஆரஞ்சுப் பலகை, இடஞ்சுழியாகப் போகப் பச்சைப் பலகை. காலை பத்து மணிக்குள் கிளம்பிவிடுங்கள். மாலையில் லிஃப்ட் நின்றுவிட்டால் வேறு பள்ளத்தாக்கில் மாட்டிக்கொள்வீர்கள், டாக்ஸியில் மலையைச் சுற்றி வர நெடுநேரம் ஆகும்.

கேள்வி: டிசம்பர் கடைசி வாரம் மட்டும்தான் எங்களுக்கு விடுமுறை. அவ்வளவு தூரம் போய்ப் பனி இல்லாமல் புல்லைப் பார்த்துவிட்டு வந்தால் என்ன செய்வது?

பதில்: நியாயமான பயம். ஐரோப்பாவில் கிறிஸ்துமஸ் சமயத்தில் தாழ்வான ரிசார்ட்களில் பச்சைப் புல்லுக்கு நடுவே செயற்கைப் பனியில் ஒரே ஒரு வெள்ளைப் பட்டை மட்டும் இருக்கும் ஆண்டுகள் உண்டு. இந்த வாரம்தான் என்று முடிவாகிவிட்டால் முதலில் பார்க்க வேண்டியது உயரம். ஆயிரம் மீட்டர் ஏறினால் காற்றின் வெப்பநிலை ஏறக்குறைய ஆறரை டிகிரி குறைகிறது. கீழே மழையாகக் கொட்டுவது மேலே பனியாக விழுவது இதனால்தான்.

ஆஸ்திரியாவின் கிட்ஸ்பூயல் அழகான பழைய ஊர். ஹானன்காம் என்ற பனிச்சறுக்குப் பந்தயம் 1931 முதல் அங்கே நடக்கிறது. ஆனால் ஊர் இருப்பது சுமார் 760 மீட்டரில், டிசம்பர் முடிவில் அதை நம்ப முடியாது. அதே நாட்டின் ஓபர்குர்கல் 1,930 மீட்டர். பிரான்ஸின் வால் தோரான்ஸ் 2,300 மீட்டர், ஐரோப்பாவில் இதைவிட உயரமான ஸ்கீ ரிசார்ட் இல்லை. செர்மாட்டுக்குப் பனியாறே இருக்கிறது, 3,883 மீட்டரில் இருக்கும் கிளைன் மேட்டர்ஹார்ன் வரை கேபிள் கார் போகிறது. ஆஸ்திரியாவின் ஹின்டர்டுக்ஸ் பனியாற்றில் ஆண்டு முழுக்கச் சறுக்கலாம்.

"செயற்கைப் பனி இயந்திரம் இருக்கிறது" என்று ஒரு ரிசார்ட் சொன்னால் முழுதாக நிம்மதி அடையாதீர்கள். அந்த இயந்திரத்துக்கும் குளிர் வேண்டும். காற்று உறைநிலைக்குக் கீழே இறங்கி, ஈரப்பதமும் குறைவாக இருந்தால்தான் தெளிக்கும் நீர் தரையைத் தொடுவதற்குள் பனியாகும். வெதுவெதுப்பான டிசம்பரில் அது சும்மாதான் நிற்கும்.

உயரத்துக்கும் ஒரு விலை இருக்கிறது, விளம்பரங்களில் இது வராது. வால் தோரான்ஸில் மரங்களே இல்லை, மரம் வளரும் எல்லையைத் தாண்டிய உயரம் அது. வெயில் அடித்தால் சொர்க்கம். மேகம் இறங்கினாலோ வானமும் தரையும் ஒரே வெள்ளையாகிவிடும். எதிரில் மேடா பள்ளமா தெரியாது, நகர்கிறோமா நிற்கிறோமா என்பதே சந்தேகமாகும். புதியவர்களுக்கு வாந்திகூட வரும். காட்டுக்கு நடுவே வெட்டிய பாதையில் அந்தச் சிக்கல் இல்லை, இருபுறமும் கறுப்பாக நிற்கும் மரங்கள் கண்ணுக்குப் பிடிமானம் தரும். அதனால் உயரமான இடமும் வேண்டும், மோசமான நாளில் ஒதுங்க மரங்களுள்ள சரிவும் வேண்டும். வால் தோரான்ஸில் தங்கினால் அப்படிப்பட்ட நாளில் மெரிபெல் பக்கம் இறங்கிவிடலாம்.

கூட்டம் வேறு இருக்கும். கிறிஸ்துமஸ், புத்தாண்டு இரண்டு வாரமும் பிப்ரவரி பள்ளி விடுமுறையும்தான் ஆல்ப்ஸில் நெரிசலின் உச்சம். பிரெஞ்சு ஆல்ப்ஸில் வாடகை வீடுகள் பெரும்பாலும் சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை என்பதால் அன்று மலைப்பாதை முழுக்க வண்டிகள் நிற்கும். ஞாயிற்றுக்கிழமை போய்ச் சேரும்படி அறை கிடைத்தால் விடாதீர்கள். விடுமுறையை எப்படியாவது ஜனவரி நடுப்பகுதிக்குத் தள்ள முடிந்தால் பாதைகள் காலியாக இருக்கும், பயிற்றுநரின் கவனமும் முழுதாகக் கிடைக்கும். மார்ச்சில் பகல் நீளம், வெயில் இதம், உயரமான இடங்களில் பனி ஆழம். குளிரைக் கண்டு பயப்படுகிறவர்களுக்கு நான் மார்ச்சைத்தான் சொல்வேன்.

கேள்வி: ஐந்து, ஒன்பது வயதில் இரண்டு குழந்தைகள். கூடவே எழுபது தாண்டிய மாமனார், மாமியார். அவர்கள் சறுக்கப் போவதில்லை, ஆனால் அறையிலேயே உட்கார்ந்திருக்கவும் கூடாது. எல்லோருக்கும் பொருந்தும் இடம் உண்டா?

பதில்: உண்டு. சுவிட்சர்லாந்தின் வெங்கன். 1,274 மீட்டரில் இருக்கும் இந்த ஊரிலும் கார்கள் இல்லை. லாட்டர்ப்ரூனனிலிருந்து பல்சக்கர ரயிலில் ஏற வேண்டும். குழந்தைகள் பழகும் சரிவு ஊரின் நடுவிலேயே இருக்கிறது. பெரியவர்கள் ஓரமாக நின்று பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருக்கலாம், இது சாதாரண வசதி இல்லை.

அதைவிட முக்கியம், சறுக்காதவர்களும் ரயிலிலும் கேபிள் காரிலும் மேலே வரலாம். மதியம் கிளைன ஷைடெக்கில் எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்துகொள்ளலாம், எதிரே ஐகர் சிகரத்தின் வடக்குச் சுவர். பல ரிசார்ட்களில் சறுக்கத் தெரியாதவர் காலையில் பிரிந்தால் மாலையில்தான் குடும்பத்தைப் பார்ப்பார். நடைபாதையாகவே பனியைச் சமப்படுத்தி வைத்திருக்கும் வழிகளும் உண்டு. வழுக்காத அடிப்பாகம் உள்ள காலணியும் ஆளுக்கு ஒரு ஊன்றுகோலும் வாங்கிக் கொடுங்கள்.

1912-இல் திறந்த யுங்ஃப்ராவ்யோக் ரயில் நிலையம் 3,454 மீட்டரில் இருக்கிறது. பெரியவர்களுக்கு இதயத்திலோ நுரையீரலிலோ பிரச்சினை இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் அங்கே கூட்டிக்கொண்டு போகாதீர்கள். பொதுவாக 2,500 மீட்டருக்கு மேல் தலைவலி, குமட்டல், தூக்கமின்மை யாருக்கும் வரலாம். அமெரிக்காவின் கொலராடோ ரிசார்ட்கள் பலவற்றில் தூங்கும் அறையே அந்த உயரத்தில்தான். பிரெக்கன்ரிட்ஜ் ஊர் 2,900 மீட்டரை ஒட்டியது. எழுபது வயதுக்காரர்களோடு போகும்போது தூங்கும் இடம் தாழ்வாகவும், சறுக்கும் இடம் உயரமாகவும் இருப்பது நல்லது.

வெங்கனின் குறை உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஊர் தாழ்வு என்பதால் மிதமான குளிர்காலத்தில் ஊர்ச் சரிவில் பனி மெலியும். ஜனவரி முடிவிலிருந்து பிப்ரவரிவரை போவது பாதுகாப்பு. ஜனவரி நடுவில் லாபர்ஹார்ன் பந்தயம் நடக்கும், உலகக் கோப்பைச் சுற்றிலேயே மிக நீளமான டவுன்ஹில் (வேக இறக்கம்) பாதை, நாலரை கிலோமீட்டர். அந்த வாரம் ஊரில் இடமே இருக்காது, சிறு குழந்தைகளோடு வேண்டாம்.

ஐந்து வயதுக் குழந்தைக்கு அரைநாள் வகுப்பு போதும். அதற்குமேல் அழுகைதான். ஒன்பது வயதுக்காரர் மூன்றே நாளில் உங்களை முந்திவிடுவார், தயாராக இருங்கள்.

கேள்வி: நாங்கள் நண்பர்கள் நாலு பேர். மூன்று பேர் ஸ்கீ, ஒருவன் ஸ்னோபோர்டு. நன்றாகவே சறுக்குவோம். பாதையைவிட்டு வெளியே, யாரும் தொடாத பவுடர் பனியில் இறங்க வேண்டும். நிசெகோ, குல்மார்க், ஆல்டா, ஷாமோனி நான்கில் எது அக்கா?

பதில்: தம்பி, முதலில் ஆல்டாவை அடித்துவிடுங்கள். அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் இருக்கும் அந்த ரிசார்ட்டில் ஸ்னோபோர்டுக்கு, அதாவது இரு கால்களையும் ஒரே பலகையில் பூட்டிச் சறுக்குவதற்கு, அனுமதி கிடையாது. பக்கத்திலேயே ஸ்னோபேர்டு இருக்கிறது, அதே பனிதான், அங்கே எல்லோரும் போகலாம்.

நிசெகோவின் பனி எப்படி உருவாகிறது என்று தெரிந்தால் அதன் மேல் ஆசை இன்னும் கூடும். சைபீரியாவிலிருந்து வரும் வறண்ட குளிர்காற்று ஜப்பான் கடலைக் கடக்கும்போது ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு, ஹொக்கைடோ மலைகளில் மோதியதும் கொட்டிவிடுகிறது. ஒரு பருவத்தில் சுமார் 15 மீட்டர். மலை பெரிதல்ல, நிசெகோ அன்னுபுரியின் உயரமே 1,308 மீட்டர்தான். ஆனால் அந்த லேசான பனியும், இடைவெளி விட்டு நிற்கும் பிர்ச் மரங்களும் சேர்ந்தால் புயல் நாளில்கூடக் கண் தெரிந்து சறுக்கலாம். அங்கே வெளியே போகக் குறிப்பிட்ட வாயில்கள் வழியாகத்தான் போக வேண்டும். ஆபத்து என்றால் வாயிலை மூடிவிடுவார்கள். கயிற்றுக்கு அடியில் நுழைந்தால் பாஸ் பறிபோகும். இந்தக் கண்டிப்பு எனக்குப் பிடிக்கும். நால்வரும் சேர்ந்து பாதைக்கு வெளியே போவது இதுதான் முதல்முறை என்றால் நிசெகோதான் என் பதில்.

காஷ்மீரின் குல்மார்க் அதைவிட முரட்டு மலை. ஊர் 2,650 மீட்டரில், கொண்டோலா என்ற கேபிள் காரின் இரண்டாம் கட்டம் அஃபர்வத் மலையில் சுமார் 3,980 மீட்டருக்கு ஏற்றிவிடும். நல்ல பனி விழுந்த மறுநாள் அந்த மலைமுகடு தரும் இறக்கத்தை வேறு எங்கும் ஒரே லிஃப்டில் பெறுவது கடினம். ஆனால் கனமாகப் பனி விழுந்தால் இரண்டாம் கட்டம் நாள்கணக்கில் மூடியிருக்கும். குறைந்தது பத்து நாளாவது கையில் வைத்துக்கொண்டு போங்கள். கொண்டோலாவுக்கு நேர் கீழே உள்ள பள்ளத்தை மீட்புக் குழு கவனித்துக்கொள்கிறது. அதற்கு இரண்டு பக்கமும் இருப்பது காட்டு மலை. வழிகாட்டி இல்லாமல் அந்தப் பக்கம் ஒரு திருப்பம்கூடப் போடாதீர்கள்.

பிரான்ஸின் ஷாமோனிக்கு வாலே பிளான்ஷ் என்ற பனியாற்று இறக்கத்துக்காகத்தான் போவீர்கள். ஏகுய் து மிதி கேபிள் கார் உங்களை 3,777 மீட்டரில் விடும். அங்கிருந்து ஸ்கீயைத் தோளில் போட்டுக்கொண்டு, கத்தி விளிம்பு மாதிரியான முகட்டில் கயிறு கட்டி இறங்க வேண்டும். அப்புறம் பனியாற்றின் மேல் சுமார் 20 கிலோமீட்டர். சறுக்குவது பெரிய கஷ்டமில்லை. பனிக்கு அடியில் மறைந்திருக்கும் வெடிப்புகள்தான் ஆபத்து. மலை வழிகாட்டி கட்டாயம் வேண்டும்.

எங்கே போனாலும் ஆளுக்கு ஒரு டிரான்சீவர் (புதைந்தவரைக் கண்டுபிடிக்க உதவும் சிக்னல் கருவி), பனியில் குத்திப் பார்க்கும் மடக்குக் குச்சி, மண்வாரி. டிரான்சீவர் பைக்குள் அல்ல, உடம்பில், உள்சட்டைக்கு மேலே. பனிச்சரிவில் புதைந்தவருக்கு உயிர் பிழைக்க நல்ல வாய்ப்பு இருப்பது முதல் பத்து, பதினைந்து நிமிடங்கள்தான். ஹெலிகாப்டர் அதற்குள் வராது. பக்கத்தில் நிற்கும் நண்பன்தான் தோண்டி எடுக்க வேண்டும். கருவியை வாங்கி மாட்டிக்கொண்டால் போதாது, நால்வரும் மாறி மாறி ஒன்றைப் புதைத்துத் தேடிப் பழகுங்கள். ஐரோப்பாவில் தினமும் வரும் பனிச்சரிவு அறிக்கையில் ஆபத்தை 1 முதல் 5 வரை சொல்வார்கள். 3 என்றால் நடுத்தரம்தானே என்று நினைக்கிறார்கள். உயிரிழப்புகளில் பெரும்பங்கு அந்த 3-இல்தான் நடக்கிறது. 4, 5 என்றால் பயந்து உள்ளேயே இருந்துவிடுகிறோம், 3-இல் துணிந்து போய்விடுகிறோம்.

கேள்வி: எனக்கு ஜூலை, ஆகஸ்டில்தான் விடுப்பு கிடைக்கும். பனிக்கனவை மறந்துவிட வேண்டியதுதானா?

பதில்: தேவையில்லை. பூமியின் தெற்குப் பாதியில் அதுதான் குளிர்காலம். நியூசிலாந்தின் குயின்ஸ்டவுனில் ஏரிக்கரை ஊரில் தங்கி, கொரோனட் பீக், ரிமார்க்கபிள்ஸ் என்ற இரண்டு மலைகளுக்குக் காலையில் பேருந்தில் போய்வரலாம். தொடக்கக்காரருக்குக் கொரோனட் பீக் நல்லது. நன்றாகச் சறுக்குகிறவர் என்றால் சிலியின் போர்ட்டியோ, ஆண்டிஸ் மலையில் 2,880 மீட்டரில், ஒரு ஏரிக்கு மேலே ஒரே ஒரு மஞ்சள் ஹோட்டல், சுற்றிலும் வேறு ஊரே இல்லை. ஆகஸ்டைத் தேர்ந்தெடுங்கள், ஜூலை தொடக்கத்தில் சில ஆண்டுகள் பனி தாமதமாகும்.

கேள்வி: சாதாரணப் பயணக் காப்பீடு போதாதா?

பதில்: போதாது. பெரும்பாலான பயணக் காப்பீடுகளில் பனிச்சறுக்கு சேராது, தனியாகச் சேர்க்கச் சொல்ல வேண்டும். மலையிலிருந்து ஹெலிகாப்டரில் இறக்குவதற்கான செலவு அடங்குமா, பாதைக்கு வெளியே சறுக்கினால் செல்லுமா, அப்படியானால் வழிகாட்டி இருந்தால் மட்டுமா, நீங்கள் வேறொருவர் மீது மோதி அவருக்குக் காயமானால் அந்த இழப்பீடும் சேருமா என்று எழுத்தில் வாங்குங்கள். இத்தாலியில் 2022 முதல் அந்தக் கடைசி வகைக் காப்பீடு இல்லாமல் பாதையில் இறங்கவே கூடாது. சர்வதேச ஸ்கீ கூட்டமைப்பின் விதிப்படி முன்னால் போகிறவருக்குத்தான் முன்னுரிமை. பின்னால் வருகிறவர்தான் விலகிப் போக வேண்டும், மோதினால் பொறுப்பும் பெரும்பாலும் அவருடையதுதான்.

கேள்வி: விபத்துக்குப் பிறகு இடுப்புக்குக் கீழே எனக்கு அசைவில்லை, சக்கர நாற்காலியில் இருக்கிறேன். குடும்பம் பனிமலைக்குப் போகத் திட்டமிடுகிறது. கீழே உட்கார்ந்து வேடிக்கை பார்க்க எனக்கு விருப்பமில்லை. நான் சறுக்க முடியுமா?

பதில்: முடியும். உட்கார்ந்து சறுக்கும் ஸ்கீ இருக்கிறது. உடலை இறுக்கிப் பிடிக்கும் இருக்கைக்கு அடியில் அதிர்வு தாங்கும் ஸ்பிரிங், அதற்குக் கீழே ஒரு ஸ்கீ இருந்தால் மோனோஸ்கீ, இரண்டு இருந்தால் பைஸ்கீ. இரு கைகளிலும் நுனியில் சின்ன ஸ்கீ பொருத்திய ஊன்றுகோல்கள் இருக்கும், அவற்றால் சமநிலையும் திருப்பமும். தொடக்கத்தில் பைஸ்கீயில் பயிற்றுநர் பின்னாலிருந்து பட்டையைப் பிடித்துக்கொண்டு வருவார். தோளிலும் வயிற்றிலும் நல்ல பலம் இருந்தால் பிறகு மோனோஸ்கீக்கு மாறித் தனியாகவே இறங்கலாம். பாராலிம்பிக்ஸில் இந்தப் பிரிவு வீரர்கள் மணிக்கு நூறு கிலோமீட்டரைத் தாண்டி வருகிறார்கள்.

உங்கள் குடும்பம் இன்னும் ரிசார்ட்டை முடிவு செய்யவில்லை என்றால், உங்கள் வகுப்பை முதலில் பதிவு செய்துவிட்டு மற்றதெல்லாம் பின்னால் என்று சொல்லிவிடுங்கள். கொலராடோவின் வின்டர் பார்க்கில் இதற்கென்றே ஒரு மையம் 1970 முதல் இயங்குகிறது, மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய விளையாட்டு மையம். இருக்கைகளும் பயிற்றுநர்களும் அங்கே ஏராளம். குளிர்காலத்தில் டென்வரிலிருந்து ரயிலே மலையடிவாரம் வரை போகிறது. ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும், அடிவாரமே 2,700 மீட்டரைத் தாண்டியது. வழியில் டென்வரில் இரண்டு இரவு தங்கி உடம்பைப் பழக்கிக்கொண்டு ஏறுங்கள்.

பதிவு செய்யும்போது உங்கள் எடை, உயரம், தண்டுவடத்தில் எந்த இடத்தில் காயம், உட்காரும்போது உடலை எவ்வளவு நிமிர்த்த முடிகிறது, எதற்கெல்லாம் மருந்து எடுக்கிறீர்கள் என்று எழுதி அனுப்புங்கள். அதை வைத்துத்தான் இருக்கையைப் பொருத்துவார்கள். உணர்ச்சியில்லாத கால்களில் குளிர் பாதித்தால் உங்களுக்குத் தெரியாது. அதனால் கால்களை மூடும் நல்ல கனமான போர்வையுறையோடு போய், ஒவ்வொரு இடைவேளையிலும் காலுறையைக் கழற்றித் தோலின் நிறத்தைப் பார்க்கும்படி பயிற்றுநரிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள். இருக்கையில் அழுத்தப் புண் வராமல் இருக்க, சக்கர நாற்காலியில் நீங்கள் பயன்படுத்தும் மெத்தையையும் கையோடு எடுத்துப் போங்கள். இந்த வகுப்புகளில் இடம் குறைவு, கிறிஸ்துமஸ் வார இடங்கள் மாதங்களுக்கு முன்பே நிரம்பிவிடும், இந்த வாரமே எழுதுங்கள்.